சம்பளக்காரர்கள் தாங்களே வருமான வரி ரிட்டர்ன் போடுவது எப்படி? (2025–26 வருமானத்துக்கு)

மாதச் சம்பளம் அல்லது பென்ஷன், வங்கி வட்டி, மிஞ்சினால் ஒரு வீட்டு வாடகை. வருமானம் இவ்வளவுதான் என்றால் ரிட்டர்னை நீங்களே போட்டுவிடலாம். விவரமெல்லாம் கையில் இருந்தால் வருமான வரித் துறையின் போர்ட்டலில் உட்கார்ந்து செய்கிற வேலை பெரிதில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

போர்ட்டல் இப்போது சம்பளம், வட்டி, பிடித்த வரி எல்லாவற்றையும் தானே நிரப்பிக் காட்டுகிறது. அதைப் பார்த்ததும், துறையே போட்டதாயிற்றே, சரியாகத்தான் இருக்கும் என்று கன்ஃபர்ம் பட்டனை அழுத்திக்கொண்டே போய்விடுகிறார்கள். அந்தத் தொகைகள் உங்கள் நிறுவனமும் வங்கியும் மற்றவர்களும் துறைக்கு அனுப்பியவை. அவர்கள் அனுப்பாமல் விட்டது அதில் வராது. தப்பாக அனுப்பியது தப்பாகவே நிற்கும். கடைசியில் "இது உண்மை" என்று உறுதிமொழி கொடுப்பது நீங்கள். எனவே முதலில் தாள்களை ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள், பிறகு லாகின் செய்யுங்கள்.

எந்த ஆண்டு, யார் போட வேண்டும்

இங்கே சொல்வது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை வந்த வருமானத்துக்கு. நிதியாண்டு 2025–26, மதிப்பீட்டு ஆண்டு 2026–27. புதிய வருமான வரிச் சட்டம் (2025) நடைமுறைக்கு வருவது 2026 ஏப்ரல் 1 முதல். ஆனால் இந்த ரிட்டர்ன் பழைய 1961 சட்டப்படிதான். புதிய சட்டத்தில் மதிப்பீட்டு ஆண்டு கிடையாது, "வரி ஆண்டு" மட்டும்தான். இதனால் ஒரு குழப்பம் வரும்: மதிப்பீட்டு ஆண்டு 2026–27, வரி ஆண்டு 2026–27 இரண்டும் பார்க்க ஒரே எண். முதலாவது, முடிந்துபோன 2025–26 வருமானத்துக்கு. இரண்டாவது, 2026 ஏப்ரலுக்குப் பிறகு சம்பாதிப்பதற்கு. வரி கட்டுகிற இடத்தில் மாற்றித் தேர்ந்தெடுத்தால் பணம் வேறு கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

"12 லட்சம் வரை வரி கிடையாது, எனக்கு ரிட்டர்னே தேவையில்லை" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. வரி கணக்கிடப் பழையது, புதியது என்று இரண்டு முறைகள் உண்டு. புதிய முறையில் அடிப்படை வரம்பு 4 லட்சம். அதைத் தாண்டினால் ரிட்டர்ன் கட்டாயம். 12 லட்சம் வரை வரி பூஜ்யமாவது 87ஏ பிரிவின் தள்ளுபடியால். அந்தத் தள்ளுபடியை ரிட்டர்னில் கணக்குக் காட்டித்தான் வாங்க வேண்டும். வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும், பிடிக்கப்பட்ட வரி 25,000 ரூபாயைத் தொட்டிருந்தாலோ, வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்திருந்தாலோ, வருட மின்கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டியிருந்தாலோ ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.

கடைசி நாள் 2026 ஜூலை 31, அரசு நீட்டித்து அறிவித்தால் ஒழிய. நீட்டிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். அதற்காக ஏப்ரலிலேயே போடவும் வேண்டாம். ஜனவரி–மார்ச் காலாண்டின் டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடித்த வரி) விவரத்தை நிறுவனங்களும் வங்கிகளும் தாக்கல் செய்ய மே 31 வரை நேரம் இருக்கிறது. ஃபார்ம் 16 தர ஜூன் 15 வரை. அதற்கு முன் எடுத்த பதிவுகளில் கடைசி மூன்று மாதம் ஓட்டையாக இருக்கலாம். ஜூன் கடைசி வாரமும் ஜூலை முதல் பாதியும்தான் நல்ல நேரம். ஜூலை கடைசி நாட்களில் போர்ட்டலில் நெரிசல், ஓடிபி வரத் தாமதம், எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

எந்தப் படிவம்

பெரும்பாலான சம்பளக்காரர்களுக்கு ஐடிஆர்-1, அதாவது சகஜ். இந்தியாவில் வசிப்பவர், மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள், சம்பளம் அல்லது பென்ஷன், ஒரு வீடு, வட்டி, டிவிடெண்ட், 5,000 ரூபாய் வரை விவசாய வருமானம் என்றால் இதுவே போதும். பட்டியலிட்ட பங்கு அல்லது ஈக்விட்டி ஃபண்டை விற்றதில் வந்த நீண்டகால லாபம் 1.25 லட்சத்துக்குள் இருந்து, முன்கொண்டுசெல்ல நஷ்டம் எதுவும் இல்லையென்றால் அதையும் இதிலேயே காட்டலாம்.

குறுகியகால லாபம் நூறு ரூபாய் இருந்தாலும் ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-2 வேண்டும். ஃபண்டை விற்றதே இல்லை என்று நினைப்பவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஸ்விட்ச் செய்ததும் விற்றதாகவே கணக்கு. கிரிப்டோ, வெளிநாட்டுச் சொத்து, வெளிநாட்டுத் தாய் நிறுவனம் கொடுத்த பங்குகள், பட்டியலிடாத நிறுவனப் பங்கு, நிறுவன இயக்குநர் பதவி, லாட்டரிப் பரிசு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஐடிஆர்-1 இல்லை. எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் வியாபார வருமானம். அது ஐடிஆர்-3 பக்கம் போகும். அதையும் வெளிநாட்டுப் பங்குகளையும் முதல்முறை செய்பவர்கள் விவரம் தெரிந்த ஆடிட்டரைப் பார்ப்பதே நல்லது.

மூன்று தாள்கள்

ஃபார்ம் 16, ஏஐஎஸ், 26ஏஎஸ். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஃபார்ம் 16 நிறுவனம் கொடுப்பது. பகுதி ஏ-வில் காலாண்டு வாரியாகப் பிடித்த வரி, நிறுவனத்தின் டான் எண் (வரி பிடிப்பவருக்கான அடையாள எண்). பகுதி பி-யில் சம்பளம் பிரித்த விவரம், கழிவுகள், எந்த வரி முறையில் கணக்கிட்டார்கள் என்ற விவரம்.

26ஏஎஸ் உங்கள் பானில் வரவான வரியின் பதிவு. போர்ட்டலில் இ-ஃபைல் மெனுவில், இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ் என்பதன் கீழே இருக்கிறது. அழுத்தினால் ட்ரேசஸ் தளத்துக்குப் போகும். ஏஐஎஸ் என்ற வருடாந்தரத் தகவல் அறிக்கை இன்னும் விரிவானது: ஒவ்வொரு வங்கியின் வட்டி, டிவிடெண்ட், பங்கு மற்றும் ஃபண்ட் விற்பனை, சொத்துப் பரிவர்த்தனை எல்லாம் அதில் வரும். பிடிஎஃப் ஆக இறக்கினால் கடவுச்சொல் கேட்கும்: பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என எட்டு இலக்கமாகச் சேர்க்க வேண்டும்.

முதலில் ஃபார்ம் 16 பகுதி ஏ-வின் வரித்தொகையும் 26ஏஎஸ்-இல் அதே டான் எண்ணுக்கு எதிரே இருக்கும் தொகையும் ஒன்றா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் வரி பிடித்துவிட்டு நிறுவனம் அரசுக்குக் கட்டாமலோ, கட்டியும் உங்கள் பானைத் தப்பாகப் போட்டோ இருந்தால் 26ஏஎஸ்-இல் குறையும். அப்போது ஃபார்ம் 16-ஐ நம்பி முழுத்தொகையைக் கோரினால், பொருந்தாத பகுதியைத் துறை ஏற்காமல் வரி பாக்கி என்று நோட்டீஸ் அனுப்பும். நிறுவனத்தில் சம்பளம் போடும் பிரிவுக்கு எழுத்தில் கேட்டு, அவர்களுடைய டிடிஎஸ் தாக்கலைத் திருத்தச் சொல்லுங்கள். திருத்தம் பதிவாகச் சில நாட்கள் ஆகும். ஜூலை 30 அன்று இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. நிறுவனம் பிடித்துக்கொண்ட வரியை மறுபடி உங்களிடம் வசூலிக்கக் கூடாது என்று 1961 சட்டத்தின் 205-ஆவது பிரிவு சொல்கிறது. அதை நிரூபிக்க சம்பளச் சீட்டுகள் வேண்டும், பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது வட்டி. நோட்டீஸ் வருவதற்கு இதைப்போல் காரணம் வேறில்லை. 2025 ஏப்ரல் முதல் வங்கி டெபாசிட் வட்டி ஒரு வங்கியில் வருடத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ் பிடிக்கிறார்கள். மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம். வரி பிடிக்கவில்லை என்றால் வரியே இல்லை என்று அர்த்தமில்லை. மூன்று வங்கிகளில் தலா 30,000 வட்டி வந்தால் எங்கும் டிடிஎஸ் இருக்காது. 90,000 ரூபாயும் வருமானத்தில் சேரும். பிடித்திருந்தாலும் 10 சதவீதம்தான் பிடித்திருப்பார்கள். நீங்கள் 20 அல்லது 30 சதவீத அடுக்கில் இருந்தால் மீதி உங்கள் பொறுப்பு. முதிர்வில் மொத்தமாகத் தருகிற டெபாசிட்டிலும் வங்கி வருடாவருடம் சேர்ந்த வட்டியைத் துறைக்குத் தெரிவித்துவிடுகிறது. பணம் கைக்கு வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

எல்லோரும் மறப்பது போன வருட ரீஃபண்டுடன் (அதிகம் கட்டிய வரி திரும்பி வருவது) வந்த வட்டி. ரீஃபண்டுக்கு வரி இல்லை, அதோடு சேர்ந்து வந்த வட்டிக்கு உண்டு. ஏஐஎஸ்-இல் அது தனிப் பதிவாக நிற்கும்.

ஏஐஎஸ்-இல் உங்களுக்குச் சம்பந்தமில்லாத தொகை இருந்தால், அதே இடத்தில் கருத்து பதிவுசெய்யும் வசதி இருக்கிறது: ஒரே தகவல் இருமுறை வந்துள்ளது, வேறு பானுக்கு உரியது, தகவலை மறுக்கிறேன் என்பது போன்ற தெரிவுகள். கூட்டு டெபாசிட்டின் முழு வட்டியும் முதல் பெயருக்கு உரியவரின் பானில் விழுவது சகஜம். முதலீடு செய்தவர் வேறொருவர் என்றால் அதற்கான வங்கிப் பதிவை எடுத்து வைத்துக்கொண்டு கருத்தைப் பதியுங்கள். அதே சமயம், ஏஐஎஸ்-இல் வராத வருமானத்தையும் காட்டியாக வேண்டும். வீட்டு வாடகை பெரும்பாலும் அதில் வருவதில்லை.

வருடத்தின் நடுவில் வேலை மாறியவர்கள்

இவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜூலையில் திடுக்கிடுவது பெரும்பாலும் இவர்கள்தான். மாதம் 1.2 லட்சம் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் ஒரு நிறுவனம், அடுத்த ஆறு மாதம் இன்னொன்று. முதல் நிறுவனம் வருடம் முழுவதற்கும் கணக்குப் போட்டு மாதாமாதம் 7,345 ரூபாய் பிடித்திருக்கும். ஆறு மாதத்துக்கு 44,070. இரண்டாவது நிறுவனத்திடம் பழைய சம்பள விவரத்தைக் கொடுக்கவில்லையென்றால், அவர்கள் கண்ணுக்கு உங்கள் வருட வருமானம் 7.2 லட்சம் மட்டுமே. நிலைக் கழிவையும் (சம்பளத்தில் எல்லோருக்கும் கழிக்கும் நிலையான தொகை) தள்ளுபடியையும் மறுபடி கொடுத்து வரியே பிடிக்க மாட்டார்கள். கைக்கு வரும் சம்பளம் கூடியதாகத் தெரியும்.

இரண்டையும் கூட்டினால் 14.4 லட்சம். 75,000 நிலைக் கழிவு போக 13.65 லட்சம். வரி 84,750, அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 88,140. ஆக இன்னும் 44,070 கட்ட வேண்டும். டிடிஎஸ் போக பாக்கி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் முன்வரி (வருடத்துக்குள்ளேயே தவணையாகக் கட்டும் வரி) கட்டாததற்கு 234பி பிரிவில் மாதம் 1 சதவீத வட்டி ஏப்ரலிலிருந்து ஓடும். ஜூலையில் கட்டினால் நான்கு மாதத்துக்கு 1,760 ரூபாய். தவணை தவறியதற்கான 234சி வட்டி தனி. இதைத் தவிர்க்க, வேலையில் சேரும்போதே ஃபார்ம் 12பி-யில் பழைய சம்பளத்தைத் தெரிவித்திருக்க வேண்டும்.

ரிட்டர்னில் இரண்டு நிறுவனங்களின் சம்பளத்தையும் சேர்த்துப் போடுங்கள்; நிலைக் கழிவு ஒரே ஒரு முறைதான். முன்நிரப்பிய பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் சம்பளம் மட்டும் வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பழைய முறையா, புதிய முறையா

தானாகப் பொருந்துவது புதிய முறை. அதில் 4 லட்சம் வரை வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8–12 வரை 10, 12–16 வரை 15, 16–20 வரை 20, 20–24 வரை 25, அதற்கு மேல் 30. நிலைக் கழிவு 75,000. அது போக வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரி பூஜ்யம், அதாவது சம்பளத்தில் 12.75 லட்சம் வரை. கொஞ்சம் தாண்டினால் முழு வரியும் தலையில் விழாது. தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக் கூடாது என்று விளிம்பு நிவாரணம் உண்டு. உதாரணமாக நிகர வருமானம் 12.1 லட்சம் என்றால் அடுக்குப்படி 61,500 வரும். நிவாரணத்துக்குப் பிறகு 10,000 ரூபாயும் செஸ்ஸும் மட்டுமே.

பழைய முறையில் 2.5 லட்சம் வரை இல்லை, 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20, அதற்கு மேல் 30. நிலைக் கழிவு 50,000. பிஎஃப், ஆயுள் காப்பீடு போன்ற சேமிப்புக்கு 80சி-யில் 1.5 லட்சம், மருத்துவக் காப்பீட்டுக்கு 80டி-யில் 25,000 (மூத்த குடிமக்களுக்கு 50,000), என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்குக் கூடுதலாக 50,000, குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் வரை, வீட்டு வாடகைப் படி ஆகியவை எல்லாம் இங்கே மட்டும். புதிய முறையில் இவை எதுவும் இல்லை. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் என்பிஎஸ் மட்டும் கழியும்.

எது லாபம்? 15 லட்சம் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய முறையில் வரி 93,750, செஸ்ஸுடன் 97,500. பழைய முறையிலும் அதே வரி வர, நிலைக் கழிவு தவிர்த்து 5,43,750 ரூபாய்க்குக் கழிவுகள் இருக்க வேண்டும். 80சி 1.5 லட்சம், 80டி 25,000, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் எல்லாம் கூட்டினாலும் 3.75 லட்சம்தான்; பழைய முறையில் வரி 1,40,400 ஆகிவிடும். பெரிய வாடகைப் படியும் கூடவே இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இப்போது புதிய முறையே லாபம் என்பதுதான் நிலைமை. இருந்தாலும் போர்ட்டலின் வரிக் கணிப்பானில் இரண்டையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நிறுவனத்திடம் ஒரு முறையைச் சொல்லியிருந்தாலும், வியாபார வருமானம் இல்லாதவர்கள் ரிட்டர்னில் மாற்றிக்கொள்ளலாம், வருடத்துக்கு வருடம் மாற்றலாம். தனிப் படிவம் தேவையில்லை. ஆனால் ஜூலை 31-க்குள் போட்டால்தான் பழைய முறை கிடைக்கும். ஒரு நாள் தவறினாலும் புதிய முறைதான். வீட்டுக் கடனும் வாடகைப் படியும் நம்பியிருப்பவர்களுக்குத் தாமதக் கட்டணத்தைவிட இதுதான் பெரிய இழப்பு.

போர்ட்டலில்

முகவரி இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன். பயனர் ஐடி உங்கள் பான் எண்ணே. உள்ளே போனதும் இரண்டு விஷயங்களை முதலில் முடியுங்கள். ஒன்று, பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா? இணையாத பான் செயலிழந்தால் ரீஃபண்ட் வராது. இரண்டு, ப்ரொஃபைலில் மை பேங்க் அக்கவுன்ட் பகுதி. ரீஃபண்ட் வாங்கப் போகிற கணக்கு வேலிடேட் (சரிபார்ப்பு) ஆகியிருக்க வேண்டும், ரீஃபண்டுக்கு என்று தேர்வும் ஆகியிருக்க வேண்டும். பானில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்றால் இது தோற்றுப்போகும். தமிழ்நாட்டில் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுகிறோம், பானில் அது விரிந்து நிற்கிறது. அதனாலேயே பலருக்கு இந்தச் சிக்கல். வங்கிகள் இணைந்ததில் ஐஎஃப்எஸ்சி மாறியிருந்தால் அதையும் திருத்துங்கள்.

பிறகு இ-ஃபைல், இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ், ஃபைல் இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன். மதிப்பீட்டு ஆண்டு 2026–27, முறை ஆன்லைன், இன்டிவிஜுவல், ஐடிஆர்-1. எதற்காக ரிட்டர்ன் போடுகிறீர்கள் என்று கேட்கும். வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டியது என்பதே பெரும்பாலோருக்குப் பதில். அடுத்து ஐந்து பகுதிகள் வரும்.

தனிப்பட்ட விவரங்கள். இங்கேதான் வரி முறைக்கான கேள்வி ஒளிந்திருக்கிறது. "புதிய முறையிலிருந்து விலக விரும்புகிறீர்களா?" என்று கேட்கும். ஆம் என்றால் பழைய முறை, இல்லை என்றால் புதிய முறை. பழைய முறை வேண்டும் என்பவர் அவசரத்தில் இல்லை என்று விட்டுவிட்டு, பிறகு கழிவுப் பகுதியில் 80சி எங்கே என்று தேடுவார். கைபேசி எண், மின்னஞ்சல் இரண்டும் உங்களுடையதாக இருக்கட்டும். முன்பு யாரோ போட்டுக்கொடுத்தபோது அவருடைய எண்ணையே பதிந்திருந்தால், துறையின் கடிதங்கள் எல்லாம் அவருக்கே போய்க்கொண்டிருக்கும்.

மொத்த வருமானம். சம்பளத்தை ஃபார்ம் 16 பகுதி பி-யோடு வரிவரியாகப் பாருங்கள். 17(1) சம்பளம், 17(2) சலுகைகள், பிறகு 10-ஆவது பிரிவில் விலக்குப் பெறும் படிகள். பழைய முறையில் வாடகைப் படிக்கு மூன்றில் குறைந்தது விலக்கு: வாங்கிய படி, கொடுத்த வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதம் போக மீதி, அடிப்படைச் சம்பளத்தில் சென்னை என்றால் 50 சதவீதம், கோவை, மதுரை போன்ற ஊர் என்றால் 40. அகவிலைப்படியும் சில இடங்களில் அடிப்படையோடு சேரும். வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் வேண்டும். வட்டியைச் சேமிப்புக் கணக்கு, டெபாசிட், ரீஃபண்ட் வட்டி என்று தனித்தனியே போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் கொட்டாதீர்கள். டிவிடெண்டுக்கு எந்தக் காலாண்டில் வந்தது என்பதும் தேவை. பிபிஎஃப் வட்டிக்கு வரி கிடையாது, ஆனாலும் விலக்கு வருமானப் பகுதியில் குறித்துவிடுவது நல்லது.

கழிவுகள். புதிய முறை என்றால் இங்கே வேலை அதிகமில்லை. பழைய முறை என்றால், தொகையை மட்டும் போட்ட காலம் போய்விட்டது. 80சி-க்கு பாலிசி எண் அல்லது கணக்கு எண், 80டி-க்குக் காப்பீட்டு நிறுவனப் பெயரும் பாலிசி எண்ணும், வீட்டுக் கடனுக்கு வங்கி, கடன் கணக்கு எண், அனுமதித்த தேதி, மொத்தத் தொகை, மார்ச் 31 அன்று நிலுவை எல்லாம் கேட்கும். சேமிப்புக் கணக்கு வட்டிக்கு 10,000 வரை கழிக்கும் 80டிடிஏ-வும் (80TTA), மூத்த குடிமக்களுக்கு 50,000 வரை கழிக்கும் 80டிடிபி-யும் (80TTB) பழைய முறையில்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், வந்ததில் ஒரு பங்கு கொடுங்கள்" என்று சொல்கிறவர்களிடம் லாகின் விவரத்தைக் கொடுக்காதீர்கள். கட்டாத காப்பீடு, கொடுக்காத நன்கொடை, இல்லாத வாடகை என்று போட்டு ரீஃபண்ட் எடுப்பார்கள். பிறகு நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். தவறான தகவல் தந்ததற்கான அபராதம் அந்த வரியைப் போல் இரண்டு மடங்கு; வரியும் வட்டியும் தனி.

கட்டிய வரி. 26ஏஎஸ்-உடன் பொருத்திப் பாருங்கள். டிடிஎஸ் கோருகிற ஒவ்வொரு பதிவுக்கும் அதற்குரிய வருமானம் முந்தைய பகுதியில் இருக்க வேண்டும். வங்கி பிடித்த 6,000 ரூபாயைக் கோரிவிட்டு அந்த 60,000 வட்டியைக் காட்டாமல் விட்டால், குறைபாடுள்ள ரிட்டர்ன் என்று 139(9) நோட்டீஸ் வரும்.

மொத்த வரி. கடைசிப் பகுதி. ரீஃபண்ட் என்றோ, கட்ட வேண்டும் என்றோ காட்டும்.

வரி பாக்கி இருந்தால்

பே நவ் அழுத்தினால் இ-பே டாக்ஸ் பக்கம் வரும். வரி வகை வருமான வரி, 0021. கட்டண வகை சுயமதிப்பீட்டு வரி, 300. ஆண்டு சரிதானா என்று இன்னொரு தடவை பாருங்கள். மேலே சொன்ன எண் குழப்பம் கடிப்பது இந்த இடத்தில்தான். நெட் பேங்கிங், டெபிட் கார்டு, யுபிஐ எதில் வேண்டுமானாலும் கட்டலாம். ரசீதில் ஏழு இலக்க பிஎஸ்ஆர் கோடு (வங்கிக் கிளையின் எண்), தேதி, ஐந்து இலக்க செல்லான் எண் இருக்கும். ரிட்டர்னில் கட்டிய வரிப் பகுதியில் இவை தானாக வராவிட்டால் கையால் சேர்த்து, பாக்கி பூஜ்யம் ஆனதைப் பார்த்த பிறகே சமர்ப்பியுங்கள். தப்பான ஆண்டில் கட்டியிருந்தால் போர்ட்டலிலேயே செல்லான் திருத்தம் இருக்கிறது. அதற்கான அவகாசம் குறைவு, அன்றைக்கே செய்யுங்கள்.

சமர்ப்பித்தால் மட்டும் போதாது

இ-வெரிஃபை, அதாவது போட்டது நீங்கள்தான் என்று ஆன்லைனில் உறுதிசெய்வது, ஆகாத ரிட்டர்ன், போடாத ரிட்டர்ன். 30 நாள் நேரம் உண்டு, ஆனால் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை. ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு வரும் ஓடிபி போதும். அந்த எண் இப்போது உங்களிடம் இல்லையென்றால், வேலிடேட் செய்த வங்கிக் கணக்கு அல்லது டீமேட் வழியாகக் குறியீடு பெறலாம், அல்லது நெட் பேங்கிங் வழியே உள்ளே வந்து முடிக்கலாம். எதுவும் முடியாவிட்டால் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்துப் போட்டு துறையின் பெங்களூரு 560500 மையத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். 30 நாள் தாண்டினால், வெரிஃபை செய்த நாளே ரிட்டர்ன் போட்ட நாளாகிவிடும். ஜூலை 25-இல் போட்டு செப்டம்பரில் வெரிஃபை செய்தவர் தாமதக்காரர்தான்.

அதன்பின், ரிட்டர்னைத் துறை சரிபார்த்த முடிவைச் சொல்லும் 143(1) அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். திறக்க அதே கடவுச்சொல் முறை: சிறிய எழுத்தில் பான், பிறந்த தேதி. அதில் இரண்டு நெடுவரிசை இருக்கும், நீங்கள் காட்டியதும் துறை கணக்கிட்டதும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. வேறுபட்டால் எந்த இடத்தில் முதலில் மாறுகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் டிடிஎஸ் அல்லது ஏதாவது ஒரு கழிவு. வித்தியாசம் துறையின் கணக்கீட்டில் என்றால் போர்ட்டலில் ரெக்டிஃபிகேஷன் (துறை தன் கணக்கைத் திருத்துவது) கோரலாம். உங்கள் தவறு என்றால் திருத்திய ரிட்டர்ன் போடுங்கள், டிசம்பர் 31-க்குள் முடித்துவிடுங்கள். அசல் ரிட்டர்னின் ஒப்புகை எண்ணும் தேதியும் அதற்குத் தேவை. குறைபாடு நோட்டீஸுக்குப் பதில் சொல்ல 15 நாள். விட்டுவிட்டால் ரிட்டர்ன் செல்லாததாகிவிடும்.

ஜூலை 31 தவறினால் டிசம்பர் 31 வரை தாமத ரிட்டர்ன் போடலாம். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000, மேலே என்றால் 5,000 கட்டணம். பாக்கி வரிக்கு மாதம் 1 சதவீத வட்டி. மூலதன நஷ்டத்தை அடுத்த வருடங்களுக்குக் கொண்டுபோகவும் முடியாது. அதுவும் போனால் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதங்கள் வரை புதுப்பித்த ரிட்டர்ன் இருக்கிறது, ஆனால் 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதல் வரியோடு. ரீஃபண்ட் வாங்க அந்த வழி உதவாது.

ரீஃபண்ட் தோல்வி என்று வந்தால், வங்கிக் கணக்கைச் சரிசெய்து மறுபடி வேலிடேட் செய்துவிட்டு, சர்வீசஸ் மெனுவில் ரீஃபண்ட் ரீஇஷ்யூ கோரிக்கை போட வேண்டும். தானாக இரண்டாம் முறை வராது. "உங்கள் ரீஃபண்ட் தயார், இங்கே கணக்கு விவரம் கொடுங்கள்" என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்தி எதையும் தொடாதீர்கள். ரீஃபண்ட் நிலையைப் பார்க்க வேண்டிய இடம், நீங்களே முகவரி அடித்துத் திறக்கும் போர்ட்டல் ஒன்றுதான்.